ஆழ விழுந்த கத்தி

பீடோங்கில், லாரி டயர் கடைக்குப் பின்னால்,
தகரக் கொட்டகையில் வாள்முனி படுத்திருந்தார்.
நிமிர்த்தினால் கூரை இடிக்கும்.

"ஆயிரத்து எண்ணூற்றுத் தொண்ணூறு.
நாகப்பட்டினத்துக் கப்பல்"
என்றார் பொருளாளர் அரிகிருஷ்ணன்.
நூறு வயது தாண்டியிருந்தால்தான்
கம்பெனி மாற்று நிலம் தரும்.
அந்தக் கடிதம் நாலாக மடிந்து
அவர் சட்டைப் பையில் வேர்த்துக்கொண்டிருந்தது.

ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் முழங்காலைத் துடைத்தேன்,
இருபது காசு அகலத்துக்கு.
மேலே திருவிழாச் சிவப்பு. அதனடியில் இன்னொரு சிவப்பு.
பஸ் நிற்குமிடத்துக்கு அடித்து மிஞ்சிய பச்சை.
அப்புறம் ஒரு நீலம்.
"நீலமாவா இருந்தாரு?" என்றார் பூசாரி.
ஒருவருக்கும் தெரியவில்லை.
அதற்கும் கீழே வண்ணமே இல்லை, புகை:
ரப்பர் ஷீட்டு காயும் புகைவீட்டின் நெடி.
இத்தனை காலம் புழுவை அண்டவிடாதது அதுதான்.

ஏனென்றால் கட்டை தேக்கில்லை, பலாவுமில்லை.
பால்மரம்.
சும்மா போட்டால் மூன்று மழையில் உளுத்துவிடும்.

கப்பல் அங்கேயே மூழ்கியது.

முதுகைத் திருப்ப நாலு பேர் வேண்டியிருந்தது.
இடது தோளுக்குக் கீழே சாய்வாக ஒரு புடைப்பு,
உதட்டை இறுக்கி மூடியதுபோல்.
செதுக்கியவன் உளி அதைத் தொடாமல்
சுற்றிப் போயிருக்கிறது.
'குறைபாடு' என்று எழுதத் தொடங்கினேன்.

கொட்டகை கூட்ட வந்த பூங்காவனம்
(முப்பத்தொரு வருஷம் பால் வெட்டியவர்)
துடைப்பத்தைச் சாத்திவிட்டு
கட்டைவிரலை அதன்மேல் ஓட்டினார்.
"யாரோ பட்டைய மீறி ஆழமா விட்டுட்டாங்க கத்திய.
அரை நாள் சம்பளம் போயிருக்கும்.
இடக்கை ஆளு. சாய்வு மாறியிருக்கு பாருங்க."

தோட்டத்தில் முதல் கன்று நட்டது
ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஒன்பதில்.
முப்பது வருஷம் பால் கொடுத்த பிறகே வெட்டிச் சாய்ப்பார்கள்.
கூட்டிக் கழித்தால்
நூற்றுக்குப் பதினைந்து குறைகிறது.

அரிகிருஷ்ணன் நெடுநேரம் பேசவில்லை.
பிறகு, கடன் கேட்கிற குரலில்,
"கன்னு நட்ட நாளுலேருந்து எண்ணுனா?"

படிவத்தில் 'வயது' என்றுதான் இருக்கிறது.
எதன் வயது என்று அது கேட்கவில்லை.

'குறைபாடு' என்பதை அடித்தேன்.
'பூர்வீகம்' என்ற கட்டத்தில்
இந்தத் தோட்டத்தின் பெயரை எழுதினேன்.
வயதுக் கட்டம் காலியாக இருக்க,
பூங்காவனம் மறுபடி கூட்டத் தொடங்கினார்,
முனியின் கால்மாட்டிலிருந்து.