இரண்டு ரூபாய் ஆட்சேபம்

முந்தின இரவு
பள்ளிப்பட்டுக்கு மேற்கே ஒரு பள்ளிக்கூடத்தில்
கொசு தூங்கவிடவில்லை.
அலமாரியில் அட்டை போன ஆங்கில அகராதி;
கரையான் முதல் நூறு பக்கம் தின்று
களைத்து விட்டிருந்தது.
நாளை முழுக்க என்னை நாற்காலியில் கட்டிவைக்கப்போகும்
சொல்லைத் தேடினேன்:
போல்.

ஓட்டு என்று தொடங்கவில்லை அது.
தலை என்றது.
தலையின் உச்சி, உச்சியில் முளைத்த மயிர்.
அப்புறம் அந்த மயிரை ஒட்டக் கத்தரிப்பது.
மரத்தின் தலையை வெட்டுவது.
கொம்பில்லாத மாட்டுக்கும் அதே பெயர்.
எந்தக் கூட்டத்திலோ யாரோ
தலைகளை எண்ணியிருக்கிறார்கள்,
எண்ணிக்கை அந்தச் சொல்லுக்குள்ளேயே தங்கிவிட்டது.
தலைக்கு இவ்வளவு என்று வரி கேட்டவனும்
இதைத்தான் நீட்டியிருக்கிறான்.

நமக்கு அது வாக்கு,
வாயிலிருந்து புறப்படுவது.
அவர்களுக்கு இன்னும் நாலு விரற்கடை மேலே.

நான் அரக்கோணத்துக் கணக்கு டீச்சர்.
மயிருக்கும் தலைக்கும்
ஒரே சொல் போதும் என்றவர்களை நினைத்து
சிரித்துக்கொண்டே படுத்தேன்,
படிவக் கட்டைத் தலைக்கு வைத்து.

ஏழு மணிக்கே வரிசை.
எல்லைக் கல் மதிலுக்குப் பின்னால்.
மாமரம் ஆந்திராவில்,
அதன் நிழல் எங்கள் வாசலில்.
அந்தப் பக்கம் போன வாரமே தேர்தல் முடிந்தாயிற்று.
சில நகங்களின் ஓரத்தில் பழைய கறுப்பு.
"சாயப்பட்டறை வேலை மேடம்" என்றான் ஒருவன்.
"பப்பாளிப் பால் வாசம் அடிக்குதேப்பா" என்றேன்.
தலை ஒன்று, பட்டியல் இரண்டு.
அகராதியில் இந்தக் கணக்கு இல்லை.

பத்தரைக்கு முனெம்மா.
மஞ்சள் சேலை, மழித்த தலை,
சந்தனம் இன்னும் காயவில்லை.
விடியுமுன் மலையிறங்கி
நகரியில் பஸ் மாறி
நேராக வரிசைக்கு வந்திருக்கிறாள்.
பட்டியல் படத்திலோ
நடுவகிடு, தோளை மூடிய கூந்தல்.

ஏஜெண்ட் தேசப்பன் எழுந்தார்.
"இது அந்தப் பொம்பள இல்ல."
இரண்டு ரூபாய் நாணயத்தை மேசையில் வைத்தார்.
ஆட்சேபத்துக்கு அதுதான் கட்டணம்,
டீயை விட மலிவு.

முனெம்மா தலையைத் தடவினாள்.
கைக்கு அது இன்னும் பழகவில்லை.
"இச்சிந்தி ஜுட்டே சாமீ" என்றவள்
எங்களுக்காகத் தமிழுக்கு வந்தாள்.
"குடுத்தது முடி. தலை இங்கதான இருக்கு?
எண்ணிக்கோங்க."

தலைமை அலுவலர் கோதண்டபாணி
படத்தின் காதைப் பார்த்தார், அவள் காதைப் பார்த்தார்.
"கதவு எண்?"
"கதவு புயல்ல போச்சு சார்.
நம்பர் மட்டும் நிக்குது, நாலு பார் பதினேழு."
சரியாக இருந்தது.
நாணயம் தேசப்பனிடம் திரும்பவில்லை.

அவள் விரலிலும் சந்தனம்.
மை பிடிக்கவில்லை.
துணியால் துடைத்து, மறுபடி ஒரு கோடு இழுத்தேன்.
அட்டை மறைப்புக்கு மேலே
கொஞ்ச நேரம் மஞ்சள் உச்சி மட்டும் தெரிந்தது.
பிறகு அந்த நீண்ட பீப்.

மொத்தம் அறுநூற்றுப் பன்னிரண்டு.
ஆண் இத்தனை, பெண் இத்தனை.
மொட்டைக்குப் படிவத்தில் கட்டம் கிடையாது.

பெட்டிகளை ஒப்படைத்துவிட்டு
திருத்தணியில் கடைசி பஸ் பிடித்தேன்.
எனக்கு முன்னால் இருக்கை இருக்கையாக
திருப்பதி போய் வந்த தலைகள்,
பள்ளம் வந்தால் ஒன்றாக ஆடின.
பழக்க தோஷம், எண்ணத் தொடங்கினேன்.
பதினொன்று வரை நினைவிருக்கிறது.