மலைக்குக் கழிவு

கந்தப்பளை வளைவில், லீக்ஸ் மூட்டையோடு,
இரண்டாம் கியரில் மூச்சு முட்டி நின்றுவிட்டது கெப்
என்றுதான் தொடங்கினாள் ரெஜினாமேரி.
பின்னால் வந்த பஸ்காரன் சொன்னதையும் சொன்னாள்.
அதை இங்கே எழுத முடியாது.

நுவரெலியாவில் ஒருவர் ஏற்கெனவே அளந்து பார்த்தாராம்.
"நாலும் படுத்திருச்சி. எஞ்சினையே இறக்கணும்."
துண்டுச் சீட்டில் நாலு இலக்கம், கீழே ஒரு தொகை,
தொகைக்கு அடியில் இரண்டு கோடு.
சேமலாபப் பணம் முழுக்க இந்த நீலத் தகரத்துக்குள் போயாயிற்று.
மிச்சம், காதில் கிடப்பது.

"வாங்கும்போது சத்தமே இல்ல பாஸ்.
பூன மாதிரி நின்னுச்சி."
அதை நான் காதில் வாங்கவில்லை.
வாங்கியிருந்தால் பாதிக் காலை மிஞ்சியிருக்கும்.

சூடு ஆறுமுன்னே பிளக் நாலையும் கழற்றி
பிஸ்கட் தகர மூடியில் வரிசையாக வைத்தேன்.
மூன்று, காய்ந்த மண் நிறம்.
மூன்றாவது மட்டும் கரி, ஈரம், பெட்ரோல் வாசம்.
கொயில் வயரைப் பிடுங்கிப்போட்டு
பஞ்சிகாவத்தையில் வாங்கிய கேஜை முதல் துளையில் திருகினேன்.
"அக்சலேட்டரை அடியோட மிதிச்சிக்கிட்டு சாவியத் திருகுங்க.
நான் போதும்ங்கிற வரைக்கும்."
செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினாள்,
கோயிலுக்குள் போகிறவள் போல.
ஐந்தாறு விசும்பல்.
முள் ஏறி, ஏறி, நின்றது.

நூற்று இருபத்தைந்து.
நூற்று இருபத்திரண்டு.
அறுபது.
நூற்று இருபத்தாறு.

புத்தகம் நூற்று ஐம்பத்தைந்து கேட்கிறது.
புத்தகத்தின்படி நாலும் நோயாளி.
ஆனால் எழுதியவன் கடலோரத்தில் உட்கார்ந்து எழுதியிருக்கிறான்.
இங்கே ஆறாயிரம் அடி.
பருப்பே வேக மாட்டேன் என்கிற ஊரில்
பிஸ்டன் எந்தக் காற்றைப் பிடித்து நெருக்கும்?
மலைக்குக் கழிக்க வேண்டியதைக் கழித்தால்
மூன்று பேர் நல்ல தேகம்.

"கொழுந்து நிறுக்கையில
தண்ணிக்குன்னு கழிப்பாங்களே, அப்புடியா?"
"அது இல்லாத தண்ணிக்கும் கழிக்கிறது.
இது இருக்கிற மலைக்கு."
சிரித்தாளா என்று பார்க்கவில்லை.
கையில் எண்ணெய் சிரிஞ்ச் இருந்தது.

மூன்றாம் துளையில் ஒரு மடக்கு எண்ணெய்.
முள் ஏறினால் ரிங்.
ஏறாவிட்டால் வால்வ்.
"எது செலவு கம்மி?"
"ஏறாட்டி கம்மி. ஏறக் கூடாதுன்னு வேண்டிக்குங்க."
கொழுந்து விலை, சம்பளம், பிள்ளையின் மார்க்கு,
எல்லாம் ஏற வேண்டும் என்றே வேண்டிப் பழகியவள்
கழுத்துச் சிலுவையைப் பிடித்துக்கொண்டு சாவியைத் திருகினாள்.

அறுபத்து மூன்று.

மேல்மூடியைத் திறந்தேன்.
மூன்றாவதின் புகைவழி வால்வ்:
ரொக்கருக்கும் தண்டுக்கும் நடுவில்
ஃபீலரின் ஆக மெல்லிய தகடும் நுழையவில்லை.
பீடித் தாளும் நுழையவில்லை.
டிக் டிக்கென்று ஒரு சத்தம் இருந்திருக்கிறது.
விற்கிறவன் அதை
ஒரு ஸ்பேனரால் இறுக்கி வாயடைத்திருக்கிறான்.
அன்றிலிருந்து அந்த வால்வ்
மூடவும் முடியாமல் திறக்கவும் முடியாமல்
கதவை ஒருக்களித்துப் பிடித்தபடியே நிற்கிறது.
அவள் காசு கொடுத்து வாங்கிய பூனை இதுதான்.

நட்டைக் கொஞ்சம் நெகிழ்த்தி, பதினாலு தவு வைத்தேன்.
நூற்றுப் பன்னிரண்டு வந்தது.
விளிம்பு சற்று எரிந்திருக்கும்.
கிழங்கு சீசன் முடிய ஹெட்டைக் கழற்றிப் பார்க்கலாம் என்றேன்.
துண்டுச் சீட்டைத் திருப்பி
அதன் முதுகில் என் கூலியை எழுதினாள்.
கோடு போடவில்லை.

ஸ்டார்ட்.
டிக் டிக் டிக்.
"என்ன பாஸ், இப்ப சத்தம் வருது?"
"வரட்டும்."

மூட்டைகளோடு ஏறிப் போனாள்.
வளைவில் இரண்டிலிருந்து மூன்றுக்கு மாறியது கேட்டது.
கை கழுவும்போது போன் அடித்தது.
பின்னால் நீலப் புகை, ரோடே தெரியலை என்று கத்துகிறாள்.
நான் ஊற்றிய எண்ணெய்தான் எரிகிறது.
சொல்ல மறந்துபோனேன்.