கால் அங்குலம்

வெட்டியவன் நான்தான்.
படம் போட்டவர் சவரிமுத்து,
அச்சுக்கட்டை செய்தவன் லௌ வெங்,
இன்னது வேண்டும் இன்னது கூடாது என்று
மேசையைச் சுற்றி உட்கார்ந்து சொன்னவர்கள் ஏழு பேர்.
ஆனால் கத்தியின் கைப்பிடி
என் கையில் இருந்தது.

கோலாலம்பூர், பத்து ரோட்டுப் பின்சந்து,
ஐம்பத்தெட்டு.
நாட்டுக்கு வயது ஒன்று.
அதற்குள் அதற்கும்
ஒரு முதல் வகுப்புப் புத்தகம் வேண்டியிருந்தது.

பழைய புத்தகம் கப்பலில் வந்தது.
அதில் 'ஏ'க்கு ஏர்.
செந்தூல் ரயில் கொட்டகைப் பிள்ளைகள் அதைத்
தண்டவாளம் மாற்றும் கம்பி என்றார்கள்.
பக்கத்தில் ஒரு ஏற்றம்.
தூக்குமரம் என்றான் ஒருவன்,
புடு சிறைக்கு எதிரே குடியிருந்தவன்.
ஈச்சமரத்தைச் செம்பனை என்றார்கள்;
அதற்குப் பாதி மதிப்பெண் கொடுக்கலாம்.

ஆகவே ஏரை எடு, ஏணியைப் போடு.
'இ'க்கு வாழையிலை போய்
பால்மரத்து இலை வந்தது:
ஒரே காம்பில் மூன்று.
ஏழு பேரும் ஒன்றாகத் தலையாட்டியது
அந்த ஒரு படத்துக்குத்தான்.

பிறகு கடைசிப் பக்கம்.
மூன்று பிள்ளைகள் கைகோத்து நிற்க வேண்டும்,
பின்னால் கொடி.
யார் நடுவில்?
இதற்கு இரண்டு கூட்டமும் பதினாறு கோப்பியும் ஆயின.
சொங்கோ போட்ட பையன் நடுவில்,
முடி கத்தரித்த சீனப்பிள்ளை இந்தப் பக்கம்,
நம் பெண் அந்தப் பக்கம், ஓரத்தில்.
ஓரமும் பக்கத்துக்குள்தானே
என்றார் இன்ஸ்பெக்டர் செல்வரத்தினம்.
சவரிமுத்து வாயைத் திறக்கவில்லை.
அவளுடைய மறு கையை மட்டும்
வெளியே யாருக்கோ நீட்டுவதுபோல் வரைந்தார்.

மை இரண்டே நிறம்: கறுப்பு, செங்கல்.
தோலைப் புள்ளியால்தான் காட்ட வேண்டும்.
சீனப்பிள்ளைக்குப் புள்ளியே இல்லை, வெறும் தாள்.
மலாய்ப் பையனுக்கு இடைவிட்டு, அரிசி இறைத்ததுபோல்.
நம் பெண்ணுக்கு நெருக்கி, கடுகாய்.
இயந்திரம் சூடேறினால் கடுகெல்லாம் ஒட்டிக்கொள்ளும்;
மூக்கு போகும், வாய் போகும்,
கண் இரண்டு மட்டும் விழித்துக்கொண்டிருக்கும்.
லௌ வெங் ஓட்டத்தை நிறுத்தி
ஊசியால் ஒவ்வொரு புள்ளியாய்க் கிளறித் திறந்தான்.
மூச்சு விடட்டும் என்றான், மலாயில்.
எனக்கும் அவனுக்கும் வேறு பாஷை இல்லை.

நாற்பதாயிரம் பிரதி.
மூன்றாம் நாள் இரவு
தாளைத் தடுக்கும் கட்டை
கால் அங்குலம் நகர்ந்திருந்ததை நான் பார்க்கவில்லை.
பார்த்தபோது
கீழே, வெட்டுத்தாள் சுருளில்,
கறுப்பாய்க் கறுப்பாய் விரல்கள்.
ஆறாயிரம் பிள்ளைக்கு மேல் இருக்கும்.
சொன்னால் சம்பளம் போகும்.
கட்டி அனுப்பிவிட்டேன்.

தை மாதம் செந்தூலிலிருந்து ஒரு கடிதம்:
'புத்தகத்தினால் மேசைகள் பாழாகின்றன.'
இன்ஸ்பெக்டர் நேரில் போனார்;
பண்டல் தூக்க நான்.

முன்வரிசையில் மருதாயி என்று ஒருத்தி.
கடைசிப் பக்கத்தைத் திறந்து
மேசையின் இடது கோடியில் சரியாகப் பொருத்தினாள்.
தாள் முடிந்த இடத்தில் மரம் தொடங்கியது;
மரத்தில், ஊதா மையில், ஐந்து விரல்.
இல்லை, எண்ணினேன், ஆறு.
விரலிலிருந்து ஒரு கயிறு,
கயிற்று முனையில் ஆடு,
ஆட்டுக்குப் பின்னால் ரயில்.
ரயில் அடுத்த மேசைக்கும் போயிருந்தது,
அங்கே ஒருவன் அதற்குப் பெட்டி சேர்த்திருந்தான்,
பெட்டி நிறையத் தலைகள்,
ஒன்றுக்கும் புள்ளி வைக்கவில்லை.

செல்வரத்தினம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
'இது யாருடையது தெரியுமா? நாட்டுச் சொத்து.'
மேசையைத் தட்டித்தான் சொன்னார்.
மருதாயி ஆட்டைப் பார்த்துக்கொண்டு
ஆமாங்க சார் என்றாள்.

பண்டலைப் பிரித்தேன்.
விரல் ஐந்தும் உள்ள புதுப் புத்தகம் ஒன்றை நீட்டினேன்.
வாங்கிக்கொண்டாள்.
பழையதைக் கேட்டபோது
அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள்.