நெஞ்சளவு

பண்ணைப் பாலத்தடியில்
முன்பு வலை வைத்திருந்த தகரக் கொட்டில்.
கயிற்றில் ஏழு மிதவைச் சட்டைகள்.
உப்பு மணக்கிறது, ரப்பர் மணக்கிறது,
யாரோ ஒருத்தரின் கழுத்துப் பவுடரும்.

"உயரத்தைப் பாக்காதேங்கோ அக்கா,
நிறையைப் பாருங்கோ, நெஞ்சளவைப் பாருங்கோ"
என்ற பெனில்டஸ்
நெஞ்சு என்று சொல்லிவிட்டதற்காக
துடைத்து வைத்த கப்பியை மறுபடி துடைக்கப் போகிறான்.

முதலாவது செம்மஞ்சள்.
கழுத்தைச் சுற்றி ஒரு தலையணை.
மயங்கி விழுந்தாலும்
முகத்தை வானத்துக்குத் திருப்பிவிடுமாம்.
நல்லதுதான்.
ஆனால் பாயின் கீழ்க்கழி தலைக்கு மேலால் வீசி வரும்போது
குனிய முடியாதவளுக்கு வானம் எதற்கு?

"அது மயங்கினவைக்கு.
மற்றதெல்லாம் நீந்தத் தெரிஞ்சவைக்கு.
கொஞ்சம் தாங்கும்,
மிச்சத்தை நீங்கள்தான் பாக்கவேணும்."

அந்த வசனத்தை
வீட்டுக்குக் கொண்டுபோக விரும்பினேன்.
இரண்டு வருடமாய்
எல்லோரும் என்னை மயங்கினவளாய்த்தான்
தாங்கிப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள்.

இரண்டாவது அக்குளை அறுக்கிறது.
மூன்றாவதைத் தோள்பட்டியில் பிடித்து
மேலே தூக்கிப் பார்க்கிறாள் மெற்றில்டா,
திருநெல்வேலிச் சந்தையில் கோழி தூக்குவதுபோல.
சட்டை காதுவரை ஏறிவிட்டது.
உள்ளேயிருந்து கதைக்கிறேன்,
வெளியே அவள் சிரிக்கிறாள்.
நாலாவதின் சிப் உப்பில் இறுகி
பாதி வழியில் நின்றுவிட்டது.

ஐந்தாவது
பெண்களுக்கென்றே வெட்டித் தைத்தது.
நாவல் நிறம். புத்தம் புதுசு.
முன்பக்கம் இரண்டு குழிவு.
வலதில் நான் இருக்கிறேன்.
இடதில் காற்று.

தெல்லிப்பழையில் எடுத்தார்கள்.
பிறகு எட்டு மாதம்
குசினிச் சுவரில் விரல்களால் ஏறினேன்,
ஒவ்வொரு கிழமையும் எட்டிய இடத்தில்
பென்சிலால் ஒரு கோடு.
பதினேழாவது கோடு மிளகாய்த்தூள் தட்டுக்கு நேரே.

"உள்ளுக்குப் பஞ்சு வைச்சுத் தைக்கலாம்"
என்ற மெற்றில்டா
அரைவாசியில் தானே தலையை ஆட்டி
வேண்டாம் என்கிறாள்.
பஞ்சு தண்ணீர் குடிக்கும்.

ஆறாவது பெடியன்களுடையது.
வெளிறின நீலம், முன்பக்கம் தட்டை.
பட்டியில் பேனையால் எழுதிய பெயரில்
'டிலக்' மட்டும் மிச்சம்,
மீதியைக் கடல் தின்றிருக்கிறது.
தழும்பின்மேல் ஸ்பொஞ்சு
எதையும் தேடாமல் படிந்து இருந்தது.

நின்று பார்த்தால் போதாதாம்.
சீமெந்துத் தரையில் குந்தி,
சுக்கானுக்குப் பதில் தும்புத்தடியைப் பிடித்து,
முன்னால் சாய்கிறேன், பின்னால் சாய்கிறேன்.
நாடியில் இடிக்கவில்லை.
இடது கை போகிறது, போகிறது,
பதினேழுக்கும் மேலே.

ஏழாவதை நான் தொடவேயில்லை.
அதற்கு என்ன குறையோ, தெரியாது.

ஞாயிறு சோளகம்.
மண்டைதீவுப் பக்கம் பாய் விம்ம,
நண்டுவலை இழுத்துக்கொண்டிருந்தவர் கேட்டார்:
"இதுக்கு ஏன் பிள்ளையள் சட்டை?
நெஞ்சளவு தண்ணிதானே,
எழும்பி நிண்டால் சரி!"

யாருடைய நெஞ்சளவு என்று கேட்க நினைத்தேன்.
அதற்குள் கயிறு கை நழுவி,
வள்ளம் சரிந்து,
பாய்மர நுனி சேற்றில் குத்தி நின்றது.

மூக்கில் கடல். பிறகு வெயில்.
சட்டை காதுவரை வரவில்லை.
தோளிலேயே இருந்தது,
கையைப் பிடிக்காமல் பக்கத்தில் நடந்து வருகிற ஆளைப்போல.

"எழும்பி நில்லுங்கோ!" என்று அவர் கத்தினார்.
கேட்டது.
காலுக்குக் கீழே சேறு இருப்பது எனக்கும் தெரியும்.

வள்ளத்தின் மறுபக்கத்தில் மெற்றில்டா
ஒற்றைச் செருப்பைத் தேடி
மாதாவையும் காற்றையும் மாறிமாறிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

நான் இன்னும் கொஞ்ச நேரம்
நிற்கவில்லை.