அறுபத்தைந்து டாலர்

மழை விட்ட மூன்றாம் நாள், டகோமாவில்,
வெர்ன் டோலஃப்சன்
புல்வெட்டும் இயந்திரத்தை வேனில் ஏற்றினான்.
போன குளிர்காலம் முழுக்க
அவன் சுருண்டு கிடந்த அதே இடம்.

கதவில் பெயர் எழுதித் தந்தவள் மகள்.
இடம் போதாமல் கடைசி எழுத்து
கைப்பிடிமேல் ஏறி நிற்கிறது.

முதல் வீடு தபால்காரி மேவிஸுடையது.
பாசி சுரண்டி, புதர் கழித்து,
நடைபாதை ஓரம் நேராய்ச் செதுக்கி
நிமிர்ந்தபோது முதுகு 'களுக்' என்றது.

"இதுக்கு முன்னால என்ன செஞ்சே?"

கடனா, ஆஸ்பத்திரியா, கோர்ட்டா, குடியா?
சிக்கின் எந்த நுனியை இழுப்பது?
"படுத்திருந்தேன்" என்றான்.
அவள் சிரித்தாள். அவனும்தான்.

காசோலையில் கம்பெனியின் பெயரை
வேன் கதவைப் பார்த்துப் பார்த்து எழுதினாள்.
அந்தப் பெயரில் அவனுக்குக் கணக்கு இல்லை.
எந்தப் பெயரிலும் இல்லை.

பச்சைக் கறை படாமல்
ஓரத்தைப் பிடித்தபடி
கொஞ்ச நேரம் வேனிலேயே உட்கார்ந்திருந்தான்.
வங்கி மூட இருபது நிமிடம்.

படிவத்தில் முகவரிக்கான கட்டம்.
சட்டைக் கையிலிருந்து
அதன்மேல் உதிர்ந்தது ஒரு புல்.
ஊதித் தள்ளினான்.
தங்கை வீட்டு எண் முப்பத்தொன்றா, பதின்மூன்றா?
போனை எடுத்தான்,
ஒன்றரை வருடத்துக்குப் பிறகு.