ஒத்தி

மணிக்குப் பதின்மூன்று டாலர்.
பின்பக்கமாக நடக்கத் தெரிந்தால் போதும்.
முகம் விருந்தாளிகளுக்கு,
முதுகு நூலகத்துக்கு.
எந்தத் திருப்பத்தில் பனி கண்ணாடியாகிக் கிடக்கும் என்பதைக்
குதிகால் மனப்பாடம் செய்திருக்க வேண்டும்.

பிப்ரவரி, மூன்றாம் சனி.
சுப்பீரியர் ஏரி
யாரும் எழுதாத தாளாக விறைத்திருந்தது.
பதினான்கு குடும்பங்கள் பதிந்திருந்தன.
வந்தவை ஒன்பது,
மூக்கு சிவந்து.

இடம் உறுதியானவர்கள் கழுத்தில் பச்சை ரிப்பன்.
எஸ்கனாபாவிலிருந்து வந்த பையனுக்கு
பெயர்ச்சீட்டு மட்டும்: வெண்டல்.
"ரிப்பன் தீர்ந்துபோச்சா?"
அவன் அப்பா கேட்டார்,
சத்தமாக, சூதுவாது இல்லாமல்.
வெண்டல் தன் பூட்ஸைப் பார்த்தான்.
மற்றவர்கள் எல்லாரும்
திடீரென்று ஏரியைப் பார்த்தார்கள்.

டிசம்பரில் வந்த கடிதம்
அவர் வண்டியின் வெயில்மறைப்பில் செருகியிருக்கிறதாம்.
தங்கள் விண்ணப்பம் ஒத்திவைக்கப்பட்டுள்ளது.
ஒத்திக்குப் போன வீடு மாதிரி.
வட்டி இல்லை, வாடகை இல்லை,
சாவி மட்டும் வேறு யாரிடமோ.

"எங்க காகித ஆலையில
உருளை தேறினா லாரிக்குப் போகும்,
தேறலைன்னா திரும்பக் கூழுக்கு.
நடுவுல வைக்க அலமாரியே கிடையாது"
என்றார், என்னிடம்,
நான்தான் அலமாரியைச் செய்தவள் போல.
நான் மணிக்கூண்டின் உயரத்தைச் சொன்னேன்.
அது இரண்டாம் பக்கத்தில் இருக்கிறது.

நான்காம் பக்கம்: விடுதி அறை.
யாரும் தலைவைக்காத தலையணை,
பிளாஸ்டிக் செடி,
அக்டோபரிலேயே நின்றுவிட்ட நாட்காட்டி.
ஒன்பது குடும்பங்களும் வாசலில் நின்று
எட்டிப் பார்த்துவிட்டு நகர்ந்தன.
அவர் மட்டும் உள்ளே போனார்.
சட்டைப்பையிலிருந்து அளவுநாடா எடுத்தார்.
கட்டில். அலமாரி. ஜன்னலின் அகலம்.
பேனாவால் உள்ளங்கையில் எழுதிக்கொண்டார்.

"அப்பா, வேண்டாம்."
"அளந்து வைக்கிறதுல என்ன குறைஞ்சுபோச்சு?"
நாடா விர்ரென்று சுருண்டது.
"எண்பது அங்குலம். உனக்கு
இன்னும் அஞ்சு அங்குலம் மிச்சம்டா!"
எங்கோ ஜெயித்தவர் போலச் சிரித்தார்.

வெண்டல் என் பக்கம் திரும்பினான்.
"நீங்க இந்தக் கட்டடத்துலயா இருக்கீங்க?"

அதற்கும் பக்கம் நான்கில் பதில் உண்டு:
வளாக வாழ்க்கை என்னை வளர்த்தது.
அதில் இல்லாதது:
அறைக் குலுக்கலில் என் எண் ஆயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு.
மூன்றாம் தெருவில்
காசுபோட்டுத் துவைக்கும் கடைக்கு மேலே
நான்கு பேர் எடுத்த வீட்டின் கூடத்தில்
குளியலறைத் திரைக்குப் பின்னால் என் மெத்தை.
இரவு பதினொன்று வரை கீழே உலர்த்திகள் ஓடும்.
தரை இளஞ்சூடாக இருக்கும்.
அப்புறம் குளிரும்.

இதையெல்லாம் சொன்னேனா என்றால்
பாதி சொன்னேன்.
தரை சூடாக இருப்பதைச் சொன்னேன்.
"உங்களுக்கு எப்போ தெரிஞ்சது?"
ஏப்ரல் பதினொன்று.
மீன் புகைபோடும் கொட்டகையைக் கழுவிக்கொண்டிருந்தேன்.
கை ஈரத்தில் செல்போன் என் விரலை
அடையாளம் கண்டுகொள்ளவே இல்லை.
நான்கு முறை துடைத்தேன்.

அவன் சிரிக்கவில்லை.
விரல்களை மட்டும் ஒருமுறை
ஜீன்ஸில் தேய்த்துக்கொண்டான்.

வெளியே வந்தோம். காற்று ஏரியைக் கிளப்பிவிட்டிருந்தது.
நான் மறுபடி முகத்தைக் காட்டி நடந்தேன்,
அடுத்து உணவுக்கூடம்,
இருபத்திரண்டு வகைத் தானியக் குருணை,
சனிக்கிழமை வாஃபிள்.
ரிப்பன்கள் காற்றில் படபடத்தன.
உப்பு தூவ வந்தவர்கள் எதையோ மாற்றி வைத்திருக்க வேண்டும்.
என் குதிகாலுக்குத் தெரியாத ஏதோ.

கூட்டத்தின் கடைசியிலிருந்து
கையை லேசாக உயர்த்தி
"படி" என்றான் வெண்டல்.

நின்றேன்.