காற்றுக்கு எத்தனை வாட்

"போற வழியில மேடு உண்டா?"
என்றார் இபுராம்சா,
கேணிக்கரைக் கடையில்
மோட்டாரை மடியில் வைத்துக்கொண்டு.

எங்கள் பக்கம் மேடென்றால் பாம்பன் பாலம்தான்.
அதுவும் என் செக்‌ஷனில் இல்லை.
தேவிபட்டினத்திலிருந்து காரங்காடு வரைக்கும்
தோசைக்கல் போலத் தரை.
"அப்ப இருநூத்தம்பது வாட்டே தாராளம்."

ஆனி மாதம் அந்த ரோட்டில்
நீங்கள் சைக்கிள் மிதித்ததில்லை, இபுராம்சா.
போகையில் முதுகில் கை வைத்துத்
தள்ளிவிடும் சோளகம்
திரும்புகையில் அதே கையை நெஞ்சில் வைக்கும்.
மோர்ப்பண்ணை விலக்கில்
எழுந்து நின்று மிதித்தாலும்
ஓரமாக மேயும் ஆடு முந்திக்கொண்டு போகும்.
எங்கள் மேடு கண்ணுக்குத் தெரியாது,
ஐப்பசியில் இருக்கவும் இருக்காது.
அதற்கு எத்தனை வாட், சொல்லுங்கள்.

அவர் கால்குலேட்டரைத் தேடினார்.
நான் மின்கணக்கெடுப்பவள்,
நாளைக்கு எண்பது வீட்டு மீட்டர்.
முப்பத்தாறு வோல்ட், பத்து ஆம்பியர் மணி,
பெருக்கினால் முந்நூற்றறுபது.
கிலோமீட்டருக்குப் பத்தென்று வைத்தாலும்
முப்பத்தாறாவது கிலோமீட்டரில் மூச்சு நிற்கும்.
அது சரியாகத் திருப்பாலைக்குடி தாண்டி,
இந்தப் பக்கம் உப்பளம், அந்தப் பக்கம் கருவேலம்,
ஒதுங்க ஒரு டீக்கடை கிடையாது.

நாற்பத்தெட்டு வோல்ட், பதின்மூன்று:
அறுநூற்றிருபத்துநாலு.
முக்கால் யூனிட்கூட ஆகவில்லை.
காரங்காட்டுச் செங்கோல்மேரி வீட்டு ஃபேன்
ஒரு ராத்திரியில் தின்பதுதான்.
அதில் நான் போய் வந்துவிடலாம்!
பதினொரு வருஷம் யூனிட்டை எழுதியிருக்கிறேன்,
அதற்குள் ரோடு இருப்பதை
அன்றைக்குத்தான் பார்த்தேன்.

மூலையில் நாலு ஈய பேட்டரி, விலை பாதி.
தூக்கிப் பார்த்தேன். பதினாறு கிலோ இருக்கும்,
ஐந்து வயதில் என் மகன் இருந்த கனம்.
அவனைப் பின்னால் வைத்து மிதித்த வருஷம்
இன்னும் என் முழங்காலில்தான் இருக்கிறது.
இறக்கி வைத்துவிட்டேன்.

"முன்வீல்ல மாட்டினா சுளுவு,
அரை மணி நேர வேலை."
காரங்காட்டில் ரோடு முடிந்த பிறகும்
எட்டு வீடு இருக்கிறது.
மணலில் முன்வீல் இழுத்தால்
நண்டு மாதிரி குழிதான் பறிக்கும்.
பின்வீலில் மாட்டுங்கள்,
முந்நூற்றைம்பது வாட்,
உள்ளே பல்சக்கரம் வைத்தது.
கரண்ட் இல்லாத நேரம் காலைப் பிடித்து இழுக்காது.

வயர் முனையில் பித்தளை புதுசாய் மின்னியது.
கடலோர வீட்டு மீட்டரில்
திருகாணி எப்படிப் பச்சை பூக்குமென்று
அவருக்குச் சொல்லவேண்டியிருந்தது.
எல்லா இணைப்பிலும் கிரீஸ்.
வயரைப் பெட்டிக்குள் விடுமுன்
ஒரு வளைவு தாழ விடுங்கள்,
மழைத் தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும்.
"எந்தக் கடையில வேல பாத்தீங்க?" என்றார்.

மோட்டார் பதினொன்றரை.
பேட்டரி இருபத்திரண்டு.
கையில் பதினாலாயிரம்.
"சின்ன பேட்டரியக் கொண்டுபோங்க,
மிச்சம் மெதுவாத் தாங்க."
உப்பளத்தோரம் நடுவழியில் நிற்பதற்கு
வீட்டிலிருந்தே மிதிப்பேன்.
மோட்டாரை மட்டும் மாட்டச் சொன்னேன்.
பேட்டரிக்கு ஆடிச் சீட்டு.

மூன்று வாரமாகிறது.
"கரண்டு வண்டியா பூரணக்கா?"
"பாதி."
பேட்டரி உட்காரவேண்டிய தாங்கியில்
தண்ணீர் பாட்டில் அளவெடுத்தது போல் உட்கார்கிறது.
பின்வீலில் மூன்று கிலோ கூடுதல்,
ஒரு துளி மின்சாரம் இல்லை,
வாசலில் நிறுத்தினால் பிள்ளைகள் தொட்டுப் பார்த்து
ஷாக் அடித்ததாகக் கத்துகிறார்கள்.

நேற்றுச் சாயங்காலம்
உப்பூர் தாண்டி வருகையில்
சோளகம் சட்டென்று ஒரு நிமிஷம் விழுந்தது.
சைக்கிள் தானாக முன்னே பாய்ந்தது.
மோட்டார்தான் ஓடுகிறதோ என்று
குனிந்து பார்த்தேன்.